படிப்படியாக எழுதிக்கொடுத்தும் பெரியவர்களுக்கு ஏன் மறந்துபோகிறது?

கேள்வி சுருக்கமாக இது: படிக்கிற வயதில் கணினியைத் தொட்டே பார்க்காதவர்கள், இப்போது நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் போனையும் கணினியையும் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதியும் கொடுத்த பிறகு அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்களே, அதற்கு வயதுதான் காரணமா?

வயதுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். பெரியவர்களுக்குக் கணினி சொல்லித்தருவது பல வருடமாக என் வேலை. அதில் நான் கண்ட பெரிய காரணம் அந்த நோட்டுதான். "முதலில் இதை அமுக்கு, அப்புறம் மேலே வலது மூலை, அப்புறம் மூன்றாவது வரி" என்று பட்டன்களின் வரிசையைக் கற்பிக்கிறோம். அர்த்தம் தெரியாத வரிசை எந்த வயதிலும் மனதில் நிற்காது. அப்படியே நின்றாலும், ஒரு அப்டேட் வந்து அந்த மூன்றாவது வரியை ஐந்தாவது இடத்துக்குத் தள்ளிவிடும். அன்றைக்கே நோட்டு செல்லாக்காசு.

குறை எங்கே இருக்கிறது என்பதை ஒரு பெரிய ஆய்வு நன்றாகக் காட்டியது. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2011 முதல் 2015 வரை இரண்டு சுற்றுகளாக 33 நாடுகளில், 16 முதல் 65 வயது வரை உள்ள இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் திறன்களைச் சோதித்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் கணினியில் அந்தச் சோதனையை எழுதவே இல்லை; சிலரால் முடியவில்லை, சிலர் கணினியில் எழுத மறுத்துவிட்டார்கள். மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் இருபதில் ஒருவர். அந்த உயர்ந்த நிலையில் கேட்ட வேலை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. ஒருவர் போன மாதம் அனுப்பிய மெயில்களில் எத்தனை சதவீதம் ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றியவை என்று கண்டுபிடிப்பது போன்றதுதான். அதற்குத் தேவையான பட்டன்கள் என்னென்ன? தேடுவது, திறந்து பார்ப்பது, எண்ணுவது. மெயில் பார்க்கத் தெரிந்தவருக்கு இவை ஓரளவு தெரிந்தவைதான். தடுமாறியது எதை முதலில் செய்வது, எங்கே தேடுவது, வந்த விடை சரிதானா என்று யோசிப்பதில். இந்தக் கணக்கில் பதினாறு வயதுக்காரர்களும் உண்டு என்பதையும் கவனியுங்கள்.

இளைஞர்கள் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இணையத்தோடு பிறந்து வளர்ந்தவர்கள் அந்த உலகின் பிறவிக் குடிமக்கள், மற்றவர்கள் குடியேறிகள் என்று கல்வியைப் பற்றி எழுதும் மார்க் பிரென்ஸ்கி 2001-இல் எழுதினார். கேட்க நன்றாக இருந்ததால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை கிடையாது. விரல் வேகமும் விவரமும் வேறு வேறு. வகுப்பில் சேரும் ஐம்பது வயதுக்காரர் "என் பையனுக்கு எல்லாம் தெரியும், எனக்குத்தான் மண்டையில் ஏறாது" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அந்த எண்ணத்தை இறக்கிவைக்கவே சில வகுப்புகள் ஆகின்றன.

சரி, பெரியவர்கள் உண்மையில் எப்படிக் கற்கிறார்கள்?

1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜான் கேரல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். அலுவலக ஊழியர்களிடம் கணினியையும் கையேட்டையும் கொடுத்தார்கள். கையேட்டை வரிசையாக யாரும் படிக்கவில்லை. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, தங்களுக்கு வேண்டிய கடிதத்தை டைப் செய்ய இறங்கிவிட்டார்கள். எங்கோ ஒரு தவறான மெனுவில் போய் மாட்டிக்கொண்டு, வெளியே வரத் தெரியாமல் திண்டாடினார்கள். 1987-இல் சக ஆய்வாளர் மேரி பெத் ராஸனோடு சேர்ந்து கேரல் இந்த நிலையைப் பற்றி எழுதினார்: முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் பிறகு வேலை வேகமாக நடக்கும் என்று தெரிந்தும், மனிதர்கள் கையில் இருக்கும் வேலையை முடிக்கத்தான் பார்க்கிறார்கள். இதைத் திட்டித் திருத்த முடியாது. ஏனென்றால் அவர்கள் வந்தது கணினியைக் கற்பதற்கு அல்ல, கடிதம் அனுப்புவதற்கு.

கேரல் குழு இதற்கு இரண்டு வழி செய்து பார்த்தது. ஒன்று, கையேட்டைக் கடுமையாகச் சுருக்கி, நிஜ வேலையில் தொடங்கி, "மாட்டிக்கொண்டால் இப்படி வெளியே வாருங்கள்" என்பதை முக்கியப் பகுதியாக வைத்தது. இன்னொன்று, புதிதாகச் சைக்கிள் பழகுபவருக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டுவதுபோல, தொடக்கத்தில் தேவைப்படாத மெனுக்களைப் பூட்டிவைத்தது. தவறி அமுக்கினால் "இது இப்போது இல்லை" என்று மட்டும் சொல்லும். இரண்டிலும் கற்பவர்கள் வேகமாக வேலையைத் தொடங்கினார்கள். நாற்பது வருடம் ஆன பிறகும் இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் பார்க்கவில்லை. புதிய போன் வாங்கித் தரும்போது முதல் திரையில் நான்கே நான்கு ஆப்களை மட்டும் வைத்து மற்றதை உள்ளே தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரியவர்களின் கல்வியைப் பற்றி நிறைய எழுதிய மால்கம் நோல்ஸ் வலியுறுத்தியதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு விஷயத்தை ஏன் கற்க வேண்டும் என்பது பெரியவருக்கு முதலில் தெரிய வேண்டும். குழந்தையிடம் "இதைப் படி, பிறகு உதவும்" என்றால் ஓரளவு ஓடும். பெரியவரிடம் ஓடாது. "மவுஸ் என்றால் என்ன, கீபோர்டு என்றால் என்ன" என்று தொடங்கும் வகுப்பில் மூன்றாம் நாள் பாதி நாற்காலி காலி. "தூர ஊரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேச வேண்டும்", "இந்த விண்ணப்பத்தை நானே போட வேண்டும்" என்று வருகிறவர் மவுஸைத் தானாகவே பழகிவிடுகிறார். ஆகவே யாருக்காவது சொல்லித்தரப் போகிறீர்கள் என்றால், முதல் கேள்வி "உங்களுக்கு எதைச் செய்ய ஆசை?" என்பதாக இருக்கட்டும். பதில் பழைய பாட்டு கேட்பதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். தேடுவது, டைப் செய்வது, திரும்பி வருவது, சத்தம் கூட்டுவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் 1990-இல் சீட்டாட்டம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்களே, எத்தனை பேர் மவுஸால் இழுத்துப் போடுவதை அதில்தான் கற்றுக்கொண்டார்கள்!

அடுத்தது பயம். எனக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி.

புதிதாகக் கற்பவர் திரைக்கு முன்னால் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தப்பாக எதையாவது அமுக்கி எல்லாம் அழிந்துவிட்டால்?" என்பதுதான் உள்ளே ஓடுகிறது. தைரியமாக அமுக்குங்கள், ஒன்றும் ஆகாது என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஒரு ஓடிபி-யைச் சொல்லிப் பணத்தை இழந்த கதைகளை அவரும் கேட்டிருக்கிறார். எனவே நான் வேறு மாதிரி செய்கிறேன். திரும்பப் பெற முடியாத செயல்கள் எவை என்று ஒரு சின்னப் பட்டியல் கொடுக்கிறேன். பணம் அனுப்புவது. பாஸ்வேர்டையோ ஓடிபி-யையோ மற்றவரிடம் சொல்வது. தெரியாத இடத்திலிருந்து வந்த ஆப்பை நிறுவுவது, அல்லது யாரோ போனில் சொன்னார்கள் என்று திரையைப் பகிரும் ஆப்பைப் போடுவது. குப்பைத்தொட்டியையும் காலி செய்து நிரந்தரமாக அழிப்பது. போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது. அனுப்பிவிட்ட செய்தியையும் இதில் சேர்க்கலாம், ஏனென்றால் நாம் அழிப்பதற்குள் அடுத்தவர் படித்திருப்பார். அவ்வளவுதான். இவற்றில் ஒன்று திரையில் வந்தால் கையை எடுத்துவிட்டு யாரையாவது கேளுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாததை எல்லாம், செய்தியில் வந்த லிங்கைத் தவிர, விருப்பம்போல அமுக்கிப் பாருங்கள். ஒரு செட்டிங் மாறிப்போனாலும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். ஆபத்துக்கு எல்லை வகுத்துவிட்டால் மீதி இடத்தில் கை தானாக அவிழ்கிறது.

அதோடு திரும்பி வரும் வழியை முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னால் போகும் அம்புக்குறி, வீட்டுத் திரைக்குப் போகும் வழி, டைப் செய்ததை ரத்து செய்யும் அன்டூ. 1976-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் லான்ஸ் மில்லரும் ஜான் தாமஸும், கடைசியாகக் கொடுத்த கட்டளையைத் திரும்பப் பெற ஒரு வசதி இருந்தால் மிகவும் உதவும் என்று எழுதிவைத்தார்கள். இன்று அது எழுதுவதற்கான பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, ஆனால் புதிதாகக் கற்பவருக்கு அதைக் கடைசியில்தான் சொல்லித்தருகிறோம். என் வகுப்பில் முதல் பயிற்சியே ஒரு பத்தியை முழுவதும் அழித்துவிட்டு மீட்பது. அழிந்தது திரும்பி வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவரின் முகமே மாறிவிடும். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977-இல் எழுதினார். பாராட்டும் ஊக்கமொழியும் அதற்கு அடுத்த இடத்தில்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். போன் யார் கையில் இருக்கிறது? வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். அம்மா ஏதோ கேட்கிறார். மகன் போனை வாங்குகிறான், நான்கு நொடியில் விரல்கள் பறக்கின்றன, "இவ்வளவுதான்மா" என்று திருப்பிக் கொடுக்கிறான். வேலை முடிந்துவிட்டது. அம்மா கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இது தன்னால் ஆகாத வேலை. சொல்லித்தருபவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். நேரமாகும், பொறுமை போகும், தெரியும். முடியாத நாளில் "இப்போது நான் செய்துவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்யலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. செய்துகொடுப்பதையும் கற்பிப்பதையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை மூளை மந்தம் என்று தப்பாகப் படிக்கிறார்கள். தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்கிறது. தோல் வறண்டுபோன விரலைச் சில சமயம் அது உணர்வதே இல்லை. விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால், அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொண்டு வேறு ஏதோ மெனுவைத் திறந்துவிடும். கற்பவருக்கோ, தான் சரியாகச் செய்தும் போன் வேறு எதையோ செய்கிறது என்று தோன்றும். பெரும்பாலான போன்களில் தொடும் நேரத்தையும் எழுத்தின் அளவையும் மாற்றிவைக்கலாம். பாடத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பாதி "மறதி" அங்கேயே காணாமல் போகும்.

இப்போது பட்டன் வரிசைக்குப் பதிலாக எதைக் கற்பிப்பது என்ற கேள்வி. நான் ஒரு தாளில் நான்கு கட்டம் வரைவேன்: கருவி, ஆப், கணக்கு, இணையம். போன் என்பது கருவி. அதற்குள் இருப்பது ஆப். உங்கள் பெயரில் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருப்பது கணக்கு. இவற்றை இணைப்பது இணையம். பெரியவர்களின் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த நான்கும் ஒன்றோடு ஒன்று கலந்துபோனதால் வருவதுதான். "பாஸ்வேர்டு கேட்கிறது" என்பார். எந்தப் பாஸ்வேர்டு? போனைத் திறப்பதா, மெயில் கணக்குடையதா, வைஃபையுடையதா? போன் உடைந்தால் மெயில் எல்லாம் போய்விடும் என்று அழுவார். அது கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆப்பை நீக்கினால் கணக்கும் மூடிவிட்டது என்று நினைப்பார், மூடியிருக்காது. போட்டோ போனில் மட்டும் இருக்கிறதா, கணக்கிலும் ஏறியிருக்கிறதா என்ற கேள்வியைத் தானாகக் கேட்கத் தொடங்கிய அன்று ஒருவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம், மீதியையும் தாண்டிவிடுவார்.

கூடவே குறியீடுகள். பூதக்கண்ணாடி என்றால் தேடு, பல்சக்கரம் என்றால் செட்டிங்ஸ், மூன்று புள்ளியோ மூன்று கோடோ இருந்தால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது, பெருக்கல் குறி என்றால் மூடு, பென்சில் என்றால் எழுது. ஒரு டஜன் தெரிந்தால் முக்கால்வாசி ஆப்களில் வழி கண்டுபிடித்துவிடலாம். "மேலே வலது மூலையில் அமுக்கு" என்பதைவிட "மூன்று புள்ளி எங்கே இருக்கிறது, தேடுங்கள்" என்று சொன்னால், அடுத்த அப்டேட்டில் அது கீழே போனாலும் அவர் கண்டுபிடிப்பார்.

மறதிக்கு வருவோம். புதிதாகக் கற்றது எவ்வளவு வேகமாக வழுகிப்போகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவிட்டார். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை. நாம் கொடுக்கும் பட்டன் வரிசைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடைவெளி விட்டு மறுபடி மறுபடி செய்வதே மருந்து. ஒரே நாளில் மூன்று மணி நேரத்தைவிட, வாரத்தில் சில நாள் இருபது நிமிடம் மேல். அதிலும் எப்படிச் செய்கிறோம் என்பது முக்கியம். உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால். எனவே நோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டை மூடிவைத்து முதலில் முயலுங்கள், மாட்டிக்கொண்டால் மட்டும் திறந்து பாருங்கள். நோட்டை எழுதுவதும் கற்பவராகவே இருக்கட்டும், அவருடைய வார்த்தையில். "மூக்குக்கண்ணாடிப் படத்தை அமுக்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு அது போதும், திருத்தக் கூடாது.

வயதின் பங்கு என்று முதலில் சொன்னேனே, அது வேகத்தில்தான் அதிகம் தெரியும். புதிய தகவலைக் கையாளும் வேகம் வயதோடு குறைகிறது. சேர்த்துவைத்த அறிவு அப்படிக் குறைவதில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு விஷயம், அவசரமில்லாத வேகம், அவ்வளவுதான் தேவை. டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட ஒரு படி மேலே போனது. 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் சிலர் மூன்று மாதம், வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கும் மேலாக, டிஜிட்டல் கேமராவையும் படங்களைத் திருத்தும் மென்பொருளையும் கற்றார்கள். சும்மா கூடிப் பேசிப் பொழுதுபோக்கிய குழுவைவிட அவர்களுடைய நினைவாற்றல் கூடியிருந்தது. அந்த அளவுக்கு நேரம் கொடுக்க எல்லோராலும் முடியாதுதான்.

கடைசியாக, எதை நம்புவது என்ற திறன். பட்டன்களைவிட இது கடினம், வகுப்புகள் இதைத்தான் கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் மூன்று வகையினரை ஒப்பிட்டார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று ஆய்வாளர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள். முதல் இரண்டு வகையினரில் பலர் இணையதளத்தின் தோற்றத்தையும் லோகோவையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆக, உள்ளே உற்றுப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பதைவிட வெளியே போய் விசாரிப்பது மேல்.

இதைப் பெரியவர்களுக்குக் கற்பிப்பது சுலபம். பெண் பார்க்கும்போதும் வீடு வாங்கும்போதும் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பழகியவர்கள் அவர்கள். திரைக்கு முன்னால் அந்த விசாரிக்கும் யோசனை தோன்றாமல் போவதற்குக் காரணம் அவசரம். "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று வரும் செய்தி விசாரிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதப்படுகிறது. வந்த செய்தியில் உள்ள லிங்கையும் நம்பரையும் தொடாமல், நீங்களே வேறு வழியில் அந்த நிறுவனத்தின் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிடுங்கள் என்ற ஒரே பழக்கம் இப்படிப்பட்ட பல மோசடிகளைத் தடுத்துவிடும். பாஸ்வேர்டைப் பொறுத்தவரை, நீளமாக வையுங்கள், ஒன்றையே எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். வீட்டில் பத்திரமான இடத்தில் ஒரு நோட்டில் எழுதிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே பாஸ்வேர்டை எல்லாக் கணக்குக்கும் வைப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

ஒருவர் கற்றுக்கொண்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சொல்லிக்கொடுத்ததையே மறுபடி செய்யச் சொன்னால் தெரியாது. அவர் இதுவரை பார்த்திராத ஒரு ஆப்பைத் திறந்து கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றோ ஒரு படத்தை அனுப்புங்கள் என்றோ கேளுங்கள். பதறாமல் பல்சக்கரத்தையோ மூன்று புள்ளியையோ தேடி, ஒரு தப்பான இடத்துக்குப் போய், பின்னம்புக்குறியில் திரும்பி வந்து, மறுபடி தேடினால் போதும். இலக்கைத் தொட்டாரா இல்லையா என்று பார்க்கக்கூட வேண்டாம், அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.